கை மாறக் கூடாத முடிச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? ஷாமாவின் கால் வீக்கம் வடிந்ததா? நிறைமாதக்காரியைப் படியேற விடாதீர்கள். எனக்கு இங்கே அரண்மனையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிதோறும் கூஸ்கூஸ் சாப்பாடு போடுகிறார்கள்.

இளவரசியின் கல்யாணக் கஃப்தான் அங்கிக்குப் பட்டுநூலில் பொத்தான்களை முடிச்சிட்டுத் தந்துவிட்டு இந்த வாரமே நம் ஊர் ஃபெஸுக்கு வந்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று உடுத்திப் பார்த்தபோது இடுப்பில் தொளதொளவென்று நின்றது. பெண் இன்னும் இளைத்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே எல்லாப் பொத்தான்களையும் பிரித்தாயிற்று; மறுபடி முடிய வேண்டும்.

"பத்தூலும் பொத்தான் முடியறவதானே, மிச்சத்தை அவ முடியட்டுமே. என் மகளுக்குத் தலைப்பிரசவம்" என்று பட்டறைக்காரி லல்லா ஜுபைதாவிடம் கேட்டேன்.

"உன் முடிச்சு இறுக்கம், அவ முடிச்சு தளர்வு. நடுவுல கை மாறினா ஊரே கண்டுபிடிச்சிடும். அதுவுமில்லாம, உடுப்பைப் பாத்தவங்களைக் கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி வெளிய விடறது?"

அங்கேயே நின்ற இளவரசி திரும்பிப் பார்த்தாள். "நான் நல்லா சாப்பிட்டா அக்காவை விட்டுடுவீங்களா?"

"வேணாம் தாயே, தொப்பை போட்டீங்கன்னா மறுபடியும் பிரிக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே ஜன்னல்களைத் திறப்பதில்லை. உங்கள் தலைத்துணி ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். என் பழைய மூக்குக்கண்ணாடியையும் அனுப்புங்கள்.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும், அம்மா. ஷாமாவுக்கு வலி எடுத்தால் எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். கை நடுங்கினால் முடிச்சு மாறிவிடும். பிள்ளை அழுத பிறகு சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
இத்திமாத்