மாதேசு, அந்தப் பால் ஜாயிண்டை எங்கே வாங்கினேன் என்றால்

என் அன்பு மாதேசுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆக ஏழு வருஷம் கழித்து உன்னிடம் வாயைத் திறக்கிறேன். கவரில் போட்டு ஒட்டி அனுப்ப உனக்கு இப்போது முகவரி கிடையாது. அதுவும் நல்லதுதான். பொய்யை உன் ஒருவனிடம் தனியாகச் சொன்னேன். அதை ஒப்புக்கொள்வதையாவது நாலு பேர் கேட்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஜெயந்தி மைசூருக்கு வெளியே வருணா பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஹர்ஷிதா பியூசி முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன், சயின்ஸ். உன் உயரம் வந்துவிட்டாள். தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். உன்னுடைய சாம்பல் நிறக் கார் ஓடுகிறது. அது எப்படி ஓடத் தொடங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம்மைத் தெரியாது. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் நீ மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸ் கிளார்க். நீ அனூர் பக்கம் கௌதள்ளி ஊர்க்காரன்; ஜெயந்தி உன் மனைவி, ஹர்ஷிதா உன் மகள். என் அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பதினோரு வருஷம் என் பழைய வெள்ளைக் காரில் இருவரும் ஒன்றாக வேலைக்குப் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குவெம்பு நகரில் என் வீட்டு வாசலில் அந்தக் காரை நாமே பார்த்துக்கொண்டோம். ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது எல்லாம் நாம்தான். ஒரு தடவை ரேடியேட்டரைக்கூட இறக்கி ஏற்றினோம். சர்வீஸ் சென்டரில் விட்டு எடுக்கிற அளவுக்கு நம் இருவர் சம்பளமும் இல்லை. அப்படி விடத் தேவையும் இருக்கவில்லை, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஸ்பேர் பார்ட்டில் மூன்று வகை உண்டு என்று நீ சொல்வாய். கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது முதல் வகை. அந்தக் கம்பெனிக்கே பார்ட் செய்து கொடுக்கிறவன் தன் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பது இரண்டாவது. அதே சாமான், விலை பாதிதான் இருக்கும். பெயரே இல்லாமல் வருவது மூன்றாவது. நாம் எப்போதும் இரண்டாவதைத்தான் வாங்கினோம். வைப்பர், மிதியடி, கண்ணாடி மூடி மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு மூன்றாவது போதும் என்பாய். பிரேக், ஸ்டியரிங், சக்கரத்தைத் தாங்குகிற எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்பாய். இதை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்?

உன் தம்பி வீட்டுக் கிரகப் பிரவேசத்துக்குக் கௌதள்ளி போவதென்று முடிவானபோது, காரின் இடது முன்பக்கத்தில் சத்தம் வந்துகொண்டிருந்தது. நீ குனிந்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, லோயர் ஆர்மின் நுனியில் இருக்கிற பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, மாற்றாமல் ஊருக்குப் போகக் கூடாது என்றாய். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மூட்டுதான். உனக்கு அந்த வாரம் இரண்டு ஷிப்ட். நானே வாங்கி மாட்டிவிடுவதாகச் சொன்னேன். சனிக்கிழமை நாம் வழக்கமாக வாங்கும் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம். வேறு இரண்டு கடைகளில் கேட்டேன், இல்லை. மூன்றாவதாக ஒரு சந்தில் பெயரில்லாத வெள்ளைப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. வாங்கி வந்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றுபோனது.

ஞாயிறு காலை நீ ஜெயந்தியையும் ஹர்ஷிதாவையும் கூட்டிக்கொண்டு வந்தாய். எங்கே வாங்கினாய் என்று கேட்டாய். வழக்கமான கடையில்தான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் நீ வண்டியைத் தொட விட்டிருக்க மாட்டாய். எல்லோரும் பஸ்ஸில் போயிருப்போம், அவ்வளவுதான். உன் வீட்டு விசேஷத்துக்கு உன் குடும்பத்தை என் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அனூர் தாண்டி, ஒரு ஊரின் நுழைவில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கியது. கார் மூக்கைத் தரையில் உரசிக்கொண்டு போய் ஓடைப் பள்ளத்தில் சாய்ந்தது. வேகம் இல்லாததால் உயிர் பிழைத்தோம். ஹர்ஷிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. முன் சீட்டில் மோதியதில் தோள்பக்கம் காறை எலும்பு உடைந்தது. அவள் அழவே இல்லை. மூச்சை இழுத்து இழுத்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தி அவளை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். நான் வருகிற வண்டிகளை மறிக்க ஓடினேன்.

அன்று மாலை மைசூரு ஆஸ்பத்திரியில், குழந்தைக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகு, வராந்தாவில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"மச்சான், அது எங்க வாங்குனே?"

"நம்ம கடைலதான்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாய். மறுநாளிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் போனாய். கேன்டீனில் வேறு மேசையில் உட்கார்ந்தாய். நான் வெள்ளைக் காரைச் சரிபண்ணி விற்றுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறினேன். இரண்டு வருஷம் கழித்து நீ அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கினாய் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். மாரடைப்பில் நீ போனதையும் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். உன்னைக் கௌதள்ளிக்குக் கொண்டுபோனபோது நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஜெயந்தி போன் செய்தாள். உன் கார் வாசலில் ஒரு வருஷமாக அசையாமல் நிற்கிறது, டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டேன், பஸ் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றாள். கராஜில் ஒரு பெரிய தொகையைச் சொல்லி, அதற்குப் பதிலாகப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்களாம். வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பேட்டரி செத்திருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதால் பின்சக்கரங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. டிரம்மைத் தட்டிக் கழற்றினால் உள்ளே வீல் சிலிண்டர் கசிந்து எல்லாம் பிரேக் ஆயில் ஈரம். முன்பக்கப் பிரேக் ஹோஸ் குழாய் இரண்டும் வெடித்திருந்தன. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நீ பார்த்துக்கொண்ட எஞ்சின், எப்படி இருக்கும்? பேட்டரியைத் தவிர மாற்ற வேண்டியது எல்லாமே பிரேக் சம்பந்தப்பட்டது, நல்ல இரண்டாம் வகை பார்ட் போட்டால் கராஜ்காரன் சொன்னதில் கால்வாசிகூட ஆகாது.

ஜெயந்தி உன் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணின் வண்டியில் பிரேக்கைத் தொட எனக்கு என்ன யோக்கியதை? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். கடை பூட்டியிருந்தது, சந்து, வெள்ளைப் பெட்டி, காலையில் சொன்ன பொய், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமுங்ணா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க வண்டி நிறுத்த ஓடுனீங்கல்ல, அப்பவே குனிஞ்சு பாத்துட்டாரு. ஒடஞ்ச சாமான்ல பேரும் இல்ல, நம்பரும் இல்லையாமா. தெரிஞ்சுதான் ஆஸ்பத்திரில கேட்டாருங்ணா. நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சாரு."

கழற்றிய டிரம்மை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பார்ட்டு ஒடஞ்சதுக்கு அவரு கோவிக்கலைங்ணா. புள்ள உள்ள படுத்திருக்கறப்பவும் பொய் சொன்னீங்களே, அதத்தான் தாங்க முடியல அவருக்கு."

பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். வேலை தெரிந்தவர், ஏமாற்றிக் காசு பிடுங்க மாட்டார் என்று தெரியும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்.

"இன்னிக்காவது சொல்றீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. சொல்லாம சக்கரத்தை மாட்டியிருந்தீங்கன்னா, டீ குடுத்து அனுப்பிட்டு வண்டியை வித்திருப்பேனுங்ணா."

மாதேசு, நீ ஏன் என் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை? உடைந்த சாமானை என் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கலாமே? ஆறு வருஷம் தினமும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டோம். நான் எழுந்து உன் மேசைக்கு வந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நகர்ந்து இடம் விட்டிருப்பாயா? விட்டிருப்பாய் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அடுத்த வாரம் பார்ட் வாங்க ஜெயந்தியும் கடைக்கு வந்தாள். நம் பழைய கடைதான். கழற்றிய வீல் சிலிண்டரையும் ஹோஸையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். புதியதை வாங்கி, பழையதோடு பக்கத்தில் வைத்து, நீளம் பார்த்து, கையில் எடை பார்த்து, மேலே அடித்திருந்த பெயரையும் நம்பரையும் படித்தாள். யார் செய்தது, கார் கம்பெனிக்கு இவர்கள்தான் கொடுக்கிறார்களா என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் கேட்டாள். அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். இன்னும் மலிவாக ஒரு பிரேக் ஷூ இருக்கிறது என்று அவர் காட்டியபோது, அதைத் தொடாமலே வேண்டாம் என்றாள்.

பிரேக் ஆயில் ஊற்றிக் குழாயில் இருக்கிற காற்றை எடுப்பது ஒரு ஆள் வேலை இல்லை. உனக்குத் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நாம் செய்தபோது பேச்சே தேவைப்பட்டதில்லை. ஜெயந்தி முதல் தடவை சீக்கிரம் விட்டுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து செய்தோம். "அமுக்கிட்டேனுங்ணா" என்று அவள் சொல்ல, நான் திறந்து, மூடி, "விடும்மா" என்று சொல்ல, நாலு சக்கரமும் முடிய மத்தியானம் ஆனது. கடைசியில் குழாயில் ஒரு குமிழி இல்லை. பெடல் கல் மாதிரி நின்றது.

அன்று ஜெயந்தி, புள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க என்றாள். ஹர்ஷிதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டாள். எலும்பு கூடிய இடத்தில் இன்னும் ஒரு மேடு இருக்கிறது.

"அப்பங்கே கொத்தித்தா?" என்றாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று.

தெரியும் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ரிங் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஜெயந்தி வண்டியை ஓட்டினாள். நான் பக்கத்தில். நாற்பதில் போய் அவளாகவே அழுத்தி நிறுத்திப் பார்த்தாள், மூன்று தடவை. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வேலைக்கு அதில்தான் போகிறாள். ஹர்ஷிதா ஏறவில்லை. அவள் காலேஜ் அம்மா போகிற வழியில்தான், ஆனாலும் பஸ்ஸில் போனாள். ஜெயந்தி கட்டாயப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய் ஆயில் அளவு, டயர் காற்று, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். ஹர்ஷிதா ஜன்னலிலிருந்து பார்ப்பாள். எனக்கு டீ அவள் கொண்டுவர மாட்டாள், ஜெயந்திதான் கொண்டுவருவாள்.

போன வாரம் காலையில் ஜெயந்தி போன் செய்தாள். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"ஹர்ஷிதா இன்னிக்கு வண்டில வந்தாளுங்ணா."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. சீட் பெல்ட்டை மாட்டி, ரெண்டு தடவ இழுத்துப் பாத்தா. அப்புறம் போலாம்னா."

மாதேசு, அந்த வண்டி ஓடுகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் சாமானை மாற்றினாலும், எங்கே வாங்கினேன், யார் செய்தது, அதில் எனக்கு என்ன சந்தேகம் என்று அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க மாட்டேன்.

உன் மச்சான்,
முரளி
மைசூரு