பன்னிரண்டாவது துப்பாக்கி

மார்ச் 7, திங்கள்

சுடத் தெரியாதவளுக்குப் பழைய இராணுவத் துப்பாக்கிகள் எதற்கு? பன்னிரண்டாவதற்கு உரிமம் கேட்டுப் போன இடத்தில் அந்த அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. எதையாவது எழுதித்தானே ஆகணும்?” ‘சேகரிப்பு’ என்று எழுதினேன். இதற்கு முன் பதினோரு முறையும் அதையேதான் எழுதியிருக்கிறேன். அது காரணமா என்ன?

பதினொன்றும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு எங்கள் க்ராகுயெவாட்ஸ் ஊர் ஆயுதத் தொழிற்சாலையிலேயே செய்தவை. எதிலும் பிறகு யாரும் கை வைத்ததில்லை. கடைசிச் சிப்பாய் கீழே வைத்தபடியே இருக்கின்றன. நானும் தூசி துடைப்பதோடு சரி. எங்கள் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தில் வேறு எவரிடமும் இப்படி இல்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மே மாதக் கண்காட்சியில் ‘வரிசை’ என்று வைக்கப் பன்னிரண்டு வேண்டும். சங்கத் தலைவர் வுகோமான் போன வருடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எலிகூடப் பதினொண்ணு போடும், இன்ஜினியரம்மா. பன்னெண்டு ஆகட்டும், அப்புறம் பேசலாம்.”

மார்ச் 12, சனி

கிடைத்துவிட்டது.

ருத்னிக் மலைச்சரிவில் ஒரு வீடு. திஹோமிர் என்று எழுபதைத் தாண்டியவர். அப்பா காலத்துத் துப்பாக்கி, ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். கம்பளியை விலக்கியதும் முதலில் இரும்பைப் பார்த்தேன். போருக்குப் பின் பழுதுபார்க்கப் பட்டறைக்குப் போனவற்றில் அரச முத்திரையைச் சுரண்டிவிட்டுப் புது ஆட்சியின் முத்திரையைக் குத்தினார்கள். இதில் அரச முத்திரையின் இரட்டைத் தலைக் கழுகு முழுசாக இருந்தது. நம்பவில்லை. லென்ஸ் வைத்து, சாய்த்து, மூன்று முறை பார்த்தேன். போலி இல்லை. இருபத்து நான்கு வருடம் உலோகம் பார்த்த கண், ஏமாறாது.

மரக்கட்டை இன்னும் மேல். குறி பார்க்கும்போது கன்னம் படும் இடத்தில் மட்டும் மரம் கறுத்து, பளபளத்து. எவனோ ஒருவனின் கன்னம்.

முகத்தில் எதையும் காட்டவில்லை. வாங்க வந்தவள் பொருளைப் புகழ்வாளா? “ரொம்ப அழுக்கா இருக்கே, மாமா” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் சொன்னேன்.

அவருடைய காது சிவந்தது. “அழுக்குதான். விருந்தாளி முன்னால இப்படியே கொண்டாந்து வெச்சிட்டேன்.”

அவர் மனைவி ஸ்தனோய்கா அடுப்படியிலிருந்து: “நான் சொன்னா காதுல ஏறாது. பட்டணத்து அம்மா சொன்னாத்தான் ஏறும்.”

“உரிமம் வாங்கிட்டு வாங்கம்மா. அதுக்குள்ள இவனைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு வைக்கிறேன்” என்றார் திஹோமிர், துப்பாக்கியைத் தட்டி.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். விலை பேசிக் கை குலுக்கினோம். கை குலுக்கிய பிறகு அந்த மலையில் யாரும் பேச்சு மாறமாட்டார்கள்.

மார்ச் 13, ஞாயிறு

நன்றாகப் பேரம் பேசினேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள எல்லோருக்கும் வராது.

ஏப்ரல் 20, புதன்

உரிமம் வந்தது. தொலைபேசியில் திஹோமிர்: “மே ஆறு எங்க வீட்டுப் புனிதர் நாள். கூப்பிடுறேன்னு நினைச்சுக்காதீங்க, அன்னிக்கு யாரையும் கூப்பிடுறது வழக்கமில்ல, வர்றவங்க தானா வருவாங்க. தேதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.”

பேசி முடிக்கும்வரை பின்னால் ஸ்தனோய்கா எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

மே 6, வெள்ளி

போச்சு.

வாசலிலேயே ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை கொடுத்து, சிலுவை போட வைத்து, உள்ளே அழைத்துப் போனார்கள். முப்பது பேர் இருப்பார்கள். சுவரோரம் இரண்டு நாற்காலிகளின்மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி, அதன்மேல் அது. உப்புத்தாள் போட்டு மரத்தை வெளிறும்வரை தேய்த்திருக்கிறார். மேலே வார்னிஷ், மூன்று பூச்சு. சன்னலே அதில் தெரிந்தது.

கன்னம் இருந்த இடம்? தேடினேன். எங்கே இருக்கும்!

“ஏழு வாரம்!” என்றாள் ஸ்தனோய்கா. “நாப்பத்தாறு வருஷத்துல என்னை ஒருநாளாவது இப்படித் தடவியிருப்பானா, கேளுங்க!” வீடே சிரித்தது.

“நீயும் சும்மா கிடந்திருந்தா தடவியிருப்பேன்” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக: “இப்ப அழுக்கு இல்லையேம்மா?”

முத்திரை மட்டும் தப்பியிருந்தது. அதன்மேல் மெழுகு வைத்து மூடிவிட்டுத்தான் தேய்த்தாராம்.

“இல்ல, மாமா. ரொம்ப சுத்தமா இருக்கு.”

இதற்கு யாரைத் திட்டுவது? தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. முன்பு விற்ற பதினோரு பேரிடமும் சொன்னேனே! இவரிடம் சொன்னால் அதன் அருமை தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். உப்புத்தாள் அவருடையது. தேய்த்தது என் நாக்கு.

பணத்தைக் கொடுத்து, துணியில் சுற்றிய துப்பாக்கியோடு கிளம்பும்போது சொன்னார், கண்காட்சிக்கு வருகிறாராம். தம்பிகளோடு.

மே 9, திங்கள்

துணியைப் பிரிக்கவே இல்லை.

மே 13, வெள்ளி

காலை முழுக்கக் கூடத்தில் வரிசையை அடுக்கினேன். பதினொன்று மட்டும் என்றால் ‘வரிசை’ இல்லை, ஓரத்து மேசைதான். ஆனால் அப்பழுக்கு இராது. பன்னிரண்டையும் வைத்தால் வுகோமான் ஒரு வருடத்துக்குச் சிரிப்பார். ஒளித்து வைத்து, வாங்கியது பின்னால் தெரிய வந்தால் இன்னும் மோசம். வைக்காவிட்டால் நாளை திஹோமிர் வந்து தேடுவார். எதைச் சொல்வேன்?

மரத்தை மீட்க முடியுமா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முடியாது. ஆனால் இதையும் எழுதிவிட வேண்டும்: தேய்ப்பில் ஒரு மேடு பள்ளம் இல்லை. வளைவுகளில்கூட மரத்தின் ரேகையோடு ஒட்டியே கை போயிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் இப்படித் தேய்க்க இரண்டு பேருக்குத்தான் வரும்.

மாலையில் அட்டை எழுதினேன்.

மே 14, சனி

நடந்தது இது.

பன்னிரண்டையும் வைத்தேன். ஒன்பதரைக்கு வுகோமான் வந்தார், கடைசித் துப்பாக்கி முன் நின்றார். “இந்த அலமாரி எந்தக் கடையில வாங்கினீங்க, இன்ஜினியரம்மா?” பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“அட்டையைப் படிங்க” என்றேன்.

‘கட்டை: வாங்க வந்தவள் அழுக்கு என்று சொன்னதால், உரிமையாளர் திஹோமிர் காவ்ரோவிச் கையால் இழைத்தது, 2011.’

“யாரு அந்தப் புத்திசாலி, அழுக்குன்னு சொன்னது?”

“நான்தான்.”

அவர் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திஹோமிர் நுழைந்துவிட்டார், தொப்பி, கோட்டு, பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள். நேரே வந்து அட்டையைச் சத்தமாகப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தை இரண்டு முறை. பிறகு வுகோமானிடம்: “நம்ம வேலைதான். எப்படி இருக்கு?”

வுகோமான் அவருடைய கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளில் இன்னும் வார்னிஷ் கறை. “நல்லா வந்திருக்கு, மாமா” என்றார்.

பரிசு எனக்கு இல்லை. ‘கலப்பு வரிசை’ என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பதினொன்றின் முன்னாலும் ‘தொடாதீர்கள்’ அட்டை நாள் முழுக்க நின்றது. பன்னிரண்டாவதன் முன் இருந்ததைத் திஹோமிர் எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். “தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க” என்று சாயங்காலம்வரை போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் தொட்ட பிறகு கைக்குட்டையால் துடைத்தார். கூடத்திலேயே அங்கேதான் கூட்டம்.

கூட்டம் குறைந்ததும் நானும் போய்த் தொட்டேன்.