இரண்டு நீலப் படகுகள்

அன்பு மகளுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் அறையைக் கேட்காமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டு குட்டி போட்டிருக்கும் பூனை, எல்லோரும் சுகம். காற்று திரும்பிவிட்டது. இரண்டு மாதம் கரையில் யாரையும் நிற்கவிடாமல் ஆட்டம் போட்ட கடல் இப்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்திருக்கிறது. படகுகள் இறங்கிவிட்டன, ஏலக்கொட்டகையில் மறுபடி காது கிழியும் சத்தம், நானும் வலை தைக்கும் கொட்டகையில் வேலை முடிந்து மீன் காயவைக்கும் தட்டிகளுக்கு மாறிவிட்டேன். இந்தப் பருவத்தில் சின்ன மீன்தான் அதிகம், பரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் காக்கா பங்கு கேட்டு வந்துவிடுகிறது. உனக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காலுறை போடாமல் தரையில் நடக்காதே, சொன்னால் சிரிப்பாய், சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்.

உன் அப்பாவும் உன் மாமாவும் பேசிக்கொண்டார்கள். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்கு ருசிக்கும். போன பருவத்தில் அப்பா படகை மாமாவின் வலைமேல் ஓட்டி வலை கிழிந்துபோனது உனக்குத் தெரியும். வலை கிடக்கும் இடம் தெரிய மிதவை போட்டிருந்தேன் என்று என் தம்பி சொல்ல, மிதவையே இல்லை என்று உன் அப்பா அடித்துச் சொல்ல, அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நடுவில் நான் கிடந்து திண்டாடினேன். தம்பி வாசல்வரை வந்து மீன் பையைக் கொடுத்துவிட்டு வேற்றாள் மாதிரி போய்விடுவான். இரண்டு படகும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் வாங்கியவை, கரையேற்றினாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும், ஆட்கள் மட்டும் எதிரெதிர்த் திசை.

இந்த முறையும் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எல்லாப் படகையும் மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டார்கள். மெஷின்காரர் வந்து வரிசையாகப் பழைய பெயிண்டையும் நம்பரையும் தேய்த்து எடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எல்லாப் படகும் மொட்டை, அவரவர் படகுக்கு அவரவர் நிறம் அடித்துக்கொள்ள வேண்டும், நமக்கு நீலம், மாமாவுக்குப் பச்சை. அப்பா நீல டப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் போனார், சட்டையெல்லாம் நீலமாக வந்தார், எனக்குத் துவைத்துத் துவைத்துக் கை போனது. ஒருநாள் மத்தியானம் உன் மாமா நான் வலை தைக்கிற கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து, "அக்கா, மச்சான் என் படகுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்காரு" என்றான். சமாதானத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "மூக்குல உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டது உங்க படகு. பக்கத்துலயே கிடக்கு. அது அவருக்குத் தெரியலைக்கா" என்றான்.

எனக்குக் கைவேலை அப்படியே நின்றுவிட்டது. உன் அப்பா கொஞ்ச நாளாக விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, கண் கூசுகிறது என்று சொல்வார், டாக்டரிடம் போகலாம் என்றால், வெயிலில் அலைகிறவன் கண் அப்படித்தான் இருக்கும் என்று வாயை அடைத்துவிடுவார். அந்தக் கண்ணோடுதான் இந்த மனுஷர் விடியும் முன்னே தனியாகப் படகெடுத்துப் போகிறார், துறைமுக வாயில் முழுக்கப் பாறை. கடல் திறப்பதற்குள் எப்படியாவது இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஏன்டா அங்கேயே சொல்லவில்லை என்று தம்பியைத் திட்டினேன். "அத்தனை பேர் நிக்கிற எடத்துல எப்படிக்கா சொல்றது, மனுஷன் குறுகிப் போயிடுவாரு" என்றான். அதோடு விட்டானா, அப்பா சாப்பிட வீட்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து நம் படகுக்கும் நீலமே அடித்து முடித்திருக்கிறான். என் தம்பி முரடன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், போ.

படகு புரட்டுகிற அன்று நானும் கூடப் போனேன். அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவன்டா அவன் என் நிறத்தைக் காப்பியடிச்சது" என்று எகிறினார். மற்றவர்கள் கயிறு எடுக்கப் போன சமயம் பார்த்துத் தம்பி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான், "ரெண்டும் நீலந்தான் மச்சான். நீங்க அடிச்சது என்னோடது, நான் அடிச்சது உங்களோடது" என்று. அப்பா நம்பாமல் போய், தம்பி நிறம் அடித்த படகின் மூக்கைத் தடவிப் பார்த்தார். ஒட்டு கையில் பட்டதும் அப்படியே மரக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்போ அன்னைக்கு மிதவை இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சு மச்சான்" என்றான் அவன். நான் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அழுதுகொண்டேன். அப்பா எழுந்து, "நாளைக்கு நீயும் வா, உங்க அக்கா ஆஸ்பத்திரியில நர்ஸுங்ககிட்ட வாய் குடுத்தே என்னை வெளிய அனுப்பிடுவா" என்றார். அந்த நிலையிலும் என்னை விடவில்லை பார்.

கண்புரை நன்றாக முற்றியிருந்ததாம், ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது, பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறார். அடுத்த கண்ணும் ஆகும்வரை கடல் பக்கம் போகக்கூடாது, கரையில் நின்றபடி உன் மாமாவுக்கு உத்தரவு போடுகிறார், அவனும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறான். படகுக்கு மறுபடி பச்சை அடிக்க அவனுக்கு மனசில்லை, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டதோடு சரி, ஏலக்காரர் தினமும் நீலத்தைப் பார்த்து அப்பா பேரைக் கூப்பிட்டுத் திட்டு வாங்குகிறார். கட்டுப் பிரித்ததிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை, மூலையில் ஒட்டடை, குழம்புச் சட்டியில் கரி, என் தலையில் நரை, எல்லாம் அவர் கண்ணில் படுகிறது.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனாலும் சொல்கிறேன். ஒரு வருஷமாக நீ போனில் முகம் காட்டிப் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இளைச்சிட்டியே, முடியை வெட்டிட்டியா என்று கேட்பாரே, அதெல்லாம் உன்னைப் பார்த்து நான் முன்னாடி சொன்னதை வைத்துக் கேட்டதாம், எனக்கே இப்போதுதான் தெரியும். "குரல் கேட்கிற பக்கமா திரும்பிச் சிரிச்சிட்டிருந்தேன், புள்ள வருத்தப்படக் கூடாதுல்ல" என்று நேற்று என்னிடம் சொன்னார்.

என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழிக்காதே. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவசரப்படாமல், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் முகம் தெரியும்படி உட்கார். நீ ஒன்றும் பேச வேண்டாம், கொஞ்ச நேரம் அப்பா பார்க்கட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா