உங்கள் கெப்புக்குப் பெரிய டயர் போட்டது

உங்கள் கெப்பை, பின்தட்டு வைத்த அந்தச் சின்ன வண்டியை, நான்தான் வாங்கினேன். வாங்கி, ஸ்பிரிங்குக்கு அடியில் பிளாக் வைத்து உயர்த்தி, போன வாரம் நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டேன். இப்போது வண்டி கடை வாசலில் நிற்கிறது. புது ரப்பர் வாசம் கல்லாப்பெட்டி வரை வந்து, செத்தல் மிளகாய் மூட்டையின் நெடியையே அமுக்கிவிட்டது. அந்த வாசத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

பெரகல சந்தியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். போஞ்சி என்கிற பீன்ஸ், லீக்ஸ் என்று ஒரே தேயிலைத் தோட்டங்களின் மரக்கறியை இரண்டு பேரும் போட்டி போட்டு வாங்கினோம். நீங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வந்தவர். நான் பதுளை பஜாரில் அடுத்தவன் தராசைத் தூக்கித் தொழில் பழகியவன். நமக்குள் சண்டை வந்ததில்லை. உண்மையான விலையை ஒருவருக்கொருவர் சொன்னதும் இல்லை. "இன்னைக்குப் போஞ்சி என்ன விலைக்கு எடுத்தீங்க அண்ணே?" என்று கேட்டால், வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கு நானா" என்பீர்கள். முஸ்லிம் அண்ணனை அழைக்கிற அந்த 'நானா'வில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினால் போதும், நீங்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவீர்கள். "நீங்க பள்ளிக்குப் போயிட்டு வாங்க நானா, நான் போஞ்சிக்குப் போயிட்டு வர்றேன்." நான் தொழுதுவிட்டு வரும்போது மேற்கணக்குச் சாமான் முழுவதும் உங்கள் வண்டியில் இருக்கும்.

தோட்டத்தின் உச்சிப் பிரிவான அந்த மேற்கணக்கு மட்டும் எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. லயங்களுக்குப் பின்னால் தோட்டத்துப் பெண்கள் போடும் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் கொழும்பில் தனிக் கிராக்கி. நானும் ஏறிப் பார்த்தேன். நீங்கள் கொடுக்கிற விலையை என்னால் கொடுக்க முடியவில்லை. எல்லா வியாபாரியும் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று எடையில் கழிவு பிடிப்போம், நீங்கள் அதுவும் பிடிப்பதில்லை. மூட்டை ஏற்ற எனக்கு இரண்டு ஆள் வேண்டும், நீங்களோ தனியாகப் போய்த் தனியாக வருவீர்கள். "என்ன மந்திரம் அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "மந்திரம் எல்லாம் இல்ல நானா. நான் கொஞ்சமா சாப்பிடுறவன்" என்று சொல்லி என் வயிற்றைப் பார்த்தீர்கள்.

நீங்கள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு, வண்டி உங்கள் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. எல்ல ஊரில், சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓடுகிற ஒரு பொடியன் நல்ல விலை சொல்லியிருந்தான். நானும் போய்க் கேட்டேன். "அவரு இருந்தா உங்களுக்கு வித்திருக்க மாட்டாரு" என்றார் அண்ணி. "அவர் இருந்தா நான் கேட்டிருக்கவும் மாட்டேன்" என்றேன். அண்ணி சிரித்துவிட்டார், அழவும் அழுதார். பிறகு, வண்டி தோட்டத்துப் பக்கமே ஓடட்டும் என்று சாவியைக் கொடுத்தார்.

வாங்கியது மேற்கணக்கை மனதில் வைத்துத்தான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறை மழை, கடைசி வளைவுக்குக் கீழே ரோட்டைக் குறுக்காக அறுத்துவிட்டது. முதல் பயணத்திலேயே வண்டியின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே மூட்டையைத் தலையில் சுமந்து ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதனால்தான் பண்டாரவளை கராஜுக்குப் போனேன். "முப்பத்தொண்ணு சைஸ் போட்டா ஆத்துலயே போகலாம் முதலாளி" என்றான் மெக்கானிக். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. அங்கே கொஞ்சம் வெட்டினோம். ஸ்பெயார் டயர் அடியில் அதன் இடத்தில் நுழையவில்லை. அதைப் பின்தட்டில் போட்டதில் இரண்டு மூட்டைக்கான இடம் போயிற்று. ஏற்றத்தில் இரண்டாம் கியர் மூச்சு வாங்கியது, பிரேக்கை முன்பைவிட முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் போட்டேன். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வண்டி அந்த அறுப்பைக் கடந்தது. ஒரு கல் கூடத் தட்டவில்லை. நீங்கள் போனது போலவே தனியாகப் போனேன், நீங்கள் நிறுத்திய இடத்தில் பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்தினேன். பாக்கியம் முதல் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வந்தாள். நடுவயதுக்காரி, அங்கே எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். வந்தவள் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, உட்காரப் போகிறவள் போல லேசாகப் பின்னால் சாய்ந்தாள். மூட்டை தட்டின் விளிம்பில் உட்காரவில்லை. இடித்து, அவளை முன்னால் தள்ளியது. விழாமல் சமாளித்துக்கொண்டு திரும்பி டயரைப் பார்த்தாள்.

"என்ன மொதலாளி, வண்டிக்கு ஹீல்ஸ் போட்டுட்டீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். "வண்டிய தூக்குன மாதிரி எங்களயும் அரைச் சாண் தூக்கி விட்டுருக்கலாமே" என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் உங்கள் கணக்கு எனக்குப் புரிந்தது அண்ணே. பிளாக்கிலும் டயரிலும் சேர்ந்து பின்தட்டு ஏறியது அரைச் சாண்தான். ஆனால் உங்கள் தட்டு அந்தப் பெண்களின் இடுப்புக்குச் சரியாக இருந்தது. கொழுந்து மூட்டையை இறக்குவது போல முதுகைத் திருப்பிச் சாய்ந்தால் மூட்டை தானாக உட்கார்ந்துகொள்ளும். தூக்க ஆள் வேண்டாம், ஏற்றுக்கூலி வேண்டாம். அந்தக் கூலிதான் உங்கள் விலையில் ஏறி, அவர்கள் கைக்கே போயிருக்கிறது.

நானே தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது மூட்டையில் முதுகு பிடித்துக்கொண்டது. பாக்கியம் என்னை ஒரு கல்லில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"கீழ் ரோட்டுல ஒரு லொறிக்காரரு கேட்டிருக்காரு மொதலாளி. அங்க வரைக்கும் நாங்க சொமக்கணும், வெலையும் கம்மிதான். ஆனா ஏத்துறதுக்கு அவருகிட்ட ஆளு இருக்கு."

போட்ட பணம் அத்தனையும் அந்தப் பேச்சில் தொங்கியது. "பிளாக்கை எடுத்துரட்டா?" என்றேன்.

"எடுத்தா மறுபடி கல்லு மேல குந்திக்கிருவீங்க. வண்டிய ஏத்தத் தெரிஞ்சவருக்கு எறக்கத் தெரியலயா? பின் டயரு நிக்கிற எடத்துல ரெண்டு குழி வெட்டுனா சரியாப் போச்சு." சொல்லிக்கொண்டே ஒருத்தியை மம்பட்டி எடுத்து வர அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "வெட்டுறதுக்கு முன்னாடி வெலையப் பேசிக்குவோம்" என்றாள். நாற்பது வருஷ வியாபாரத்தில் என்னை இவ்வளவு சரியான நேரத்தில் ஒருவரும் பிடித்ததில்லை.

"அண்ணன் குடுத்த வெலை. கழிவு கிடையாது."

"அண்ணன் காலத்துல டீசல் விலை வேற பாக்கியம்."

"அண்ணன் காலத்துல டயரு சைசும் வேற. இத நாங்களா போடச் சொன்னோம்?"

குழி வெட்டினார்கள். வண்டி வெளியே ஏறக் குழியின் முன்பக்கத்தைச் சரிவாக்கி, அடியில் கல் பாவினார்கள். பின் சக்கரம் இறங்கியது, தட்டும் ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்தது. பாக்கியம் முதுகைக் காட்டிச் சாய்ந்தாள். மூட்டை உட்கார்ந்தது. பாரத்தோடு முதல் கியரில் போட்டதும் வண்டி குழியிலிருந்து முனகாமல் எழுந்தது. அந்தப் பெரிய டயரை அந்த இடத்தில் மெச்சத்தான் வேண்டும்.

சந்திக்கு வந்து இறங்கியதும் என் கண் உங்கள் பக்கம்தான் போனது. அங்கே இப்போது போன் கடை. பணம் கொடுத்து உயர்த்திய வண்டியை மண்ணை வெட்டி இறக்கியதைச் சொன்னால், நீங்கள் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். இன்னும் யாராவது விலை கேட்டால் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மெதுவாகச் சொல்கிறேன். உங்களுக்கு மறைத்து மறைத்து வந்த பழக்கம், போகாது.

உங்களிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது? பேசி முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் அன்றைய பெரகல விலையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் மட்டும் குறைவு. கழிவு இல்லை. செவ்வாயும் வியாழனும் வண்டி வரும், வெள்ளி கிடையாது. குழியில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. டயர் தேய்ந்தால் என் பாடு.