டிரெய்லர் வெள்ளோட்டம்

சந்திரா,

குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. ஆய்வேட்டு வேலையாகச் சிதம்பரம் செல்கிறேன். ஆறு மணிக்குத் திரும்பிவிடுவேன்.

குவார்ட்டர்ஸ் மாறுவோரின் சாமான் ஏற்ற நாம் வாங்கிய பழைய டிரெய்லருக்குப் பக்கப் பலகை அடிக்க, ஷிப்ட் முடிந்ததும் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் வேணு வருவார். நான் முதலில் தேர்ந்த பச்சை டிரெய்லரின் அச்சில் விரிசலைக் கண்டு, அதை விட்டு இதை வாங்கச் சொன்னவர் அவரே, நன்றியுண்டு. ஆனால், "கவிதையில குத்தம் கண்டுபுடிப்பாரு, அச்சுல விரிசல் இருந்தா தெரியாது இவருக்கு" என்று அவரிடம் நீ சொல்லிச் சிரித்தது மூன்று நாளாக உறுத்துகிறது. என்னிடம் பேசும்போது நீ அப்படிச் சிரித்து வெகுகாலமாயிற்று. அவருக்குத் தேநீர் கொடு, பேச்சை நீட்டாதே.

மருதாசலம்

பி.கு.: உன் அண்ணனின் டிராக்டரோடு டிரெய்லரைப் பூட்டும் இரும்பு ஆணியை என் பையில் எடுத்துச் செல்கிறேன். மறதியால் அன்று; அது இல்லாமல் நான் வரும்வரை டிரெய்லர் கிளம்பாது. வெள்ளோட்டத்தில் உன் அருகே நானே அமர வேண்டும்.