புண்ணில் விளையும் மருந்து

பதிவு 31
9 ஆகஸ்ட் 2071, காலை 7.10

இதைக் கண்டெடுப்பவருக்கு: கையுறை அணிந்திருக்கிறீர்களா? இல்லையெனில் முதலில் அதைச் செய்யுங்கள். வாசிப்பது பிறகு.

மூடிய தீவிர சிகிச்சைப் பிரிவு, எண் 6. காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. எழுதுபவர் குளோரிந்தா தேவசகாயம், நுண்ணுயிரியல் பேராசிரியர், ஓய்வு. வயது எழுபத்து மூன்று.

எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லாக் கிருமி ஒரு பிரிவில் தென்பட்டால், உள்ளிருப்போரோடு சேர்த்து அதை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். கிருமி ஒழிந்தபின் திறப்பார்கள். அல்லது ஆட்கள் ஒழிந்தபின். அழுவதற்கு ஆளில்லாத நிபுணர் தேவை என்று அரசு அறிவித்தது. எனக்கு அந்தத் தகுதி இருந்தது. செவிலியர் பேச்சியம்மாளுக்கு இல்லை. கதவு மூடியபோது அவளுடைய பணிமுறை நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் வார்டில். நான் கண்ணாடிச் சுவருக்கு இப்புறம், ஆய்வறையில். இடையே பொருள்களைக் கைமாற்ற ஒரு சிறிய இழுப்பறை. பேச ஓர் ஒலிபெருக்கி.

மீந்த நோயாளிகள் இருவர். மூன்றாம் படுக்கை: இசக்கிராஜ், தொடையில் அரிவாள் வெட்டு. நான்காம் படுக்கை: கொம்பையா, அந்த வெட்டை வெட்டியவன்; பதிலுக்கு வயிற்றில் வாங்கியவன். ஒரே கிருமி இருவரையும் தின்கிறது. இருவர் வாயிலும் சுவாசக் குழாய். ஆகையால் வாக்குவாதம் இல்லை.

பேச்சி: "டாக்டரம்மா, மூணுக்குச் சூடு நூத்திநாலு. நாலு மயக்கத்துலயும் மூணு பக்கந்தான் மூஞ்சத் திருப்பிக் கெடக்கான். வெட்டுனது பத்தல போலுக்கு."

பதிவு 32
10 ஆகஸ்ட், மாலை 4.25

இசக்கிராஜின் காய்ச்சல் தானாக இறங்குகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய புண்நீரைக் கிருமி வளர்த்த தட்டில் வைத்தேன். கிருமிப் படலம் முழுவதும் ஓட்டைகள். கிருமியைத் தின்னும் வைரஸ் ஒன்று அந்தப் புண்ணிலேயே பிறந்திருக்கிறது.

குடுவையில் வளர்த்துப் பார்த்தேன். அங்கே கிருமி விரைவில் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. உயிருள்ள உடலில் மட்டும் வைரஸும் கூடவே கற்கிறது. ஆகவே மருந்து குடுவையில் விளையாது, புண்ணில்தான் விளையும். புண் ஆறினால் மருந்தும் தீரும். கட்டை இறுக்காமல், புண்ணைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று கிடைத்த நீரை வடிகட்டிக் கொம்பையாவுக்குச் செலுத்தினோம். அவன் யோக்கியன் என்பதற்காக அன்று. சாகக் கிடந்தவன் அவன் ஒருவன்தான்.

பதிவு 33
11 ஆகஸ்ட், காலை 9.40

கொம்பையாவின் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவன் இரத்தத்திலும் வைரஸ் பெருகியிருக்கிறது. முப்பதாண்டுகள் கற்பித்ததில் இப்படி ஒரு தட்டை நான் கண்டதில்லை.

பிழைத்தவன் முதலில் செய்த காரியம், திமிறிக் கையை வீசியது. பேச்சியின் கையில் இருந்த ஊசி அவளுடைய உள்ளங்கையிலேயே இறங்கியது. அவன் இரத்தம் தோய்ந்த ஊசி.

பேச்சி: "நல்லா இறங்கிட்டும்மா. இந்த மூதிக்கு உசுரு வந்ததும் வாராததுமா எனக்குச் சீட்டுக் கிழிச்சிட்டான்."

ஊசிமுனையில் இருந்த வைரஸ் காக்கப் போதாது, கிருமி கொல்லப் போதும். இசக்கிராஜின் புண்ணில் அடுத்த வேளைக்கான நீர் ஊற மாலையாகும். மாலை வரை அவள் தாங்க வேண்டும். தாங்குவாள் என்று அவளிடம் சொன்னேன். இங்கே அதை எழுதத் தயங்குகிறேன்.

பதிவு 34
11 ஆகஸ்ட், முற்பகல் 11.05

இசக்கிராஜின் அண்ணன் மாசானம் நாள்தோறும் வெளிவாயில் ஒலிபெருக்கியில் நலம் கேட்பான். இன்றும் கேட்டான். பேச்சி பதில் சொன்னாள். அப்படியே தருகிறேன்.

மாசானம்: "எந் தம்பி எப்படி இருக்கான் தாயி?"

பேச்சி: "காய்ச்சல் எறங்கிட்டுண்ணே, ராசா மாதிரி கெடக்கான். அவன் புண்ணு நீர எடுத்துத்தான் கொம்பையாவுக்கே ஊசி போட்டோம். உங்க தம்பி புண்ணியத்துல அந்தப் பயலும் பொழச்சிட்டான்!"

மாசானம்: "யாரு பொழச்சிட்டான்?"

இணைப்பைத் துண்டித்தேன், தாமதமாக. அதற்குள் இதுவும் வந்துவிட்டது.

மாசானம்: "எந் தம்பி உடம்பப் பிழிஞ்சு அவனுக்கு ஊத்துதியளா? வாரேன்."

நற்செய்தி என்றே எண்ணிச் சொல்லியிருக்கிறாள். நல்லவர்களை ஒலிபெருக்கி அருகே விடக்கூடாது. காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினேன். ஆள் அனுப்புகிறார்களாம்.

பதிவு 35
11 ஆகஸ்ட், பிற்பகல் 2.30

ஆள் வரவில்லை. மாசானம் வந்தான், நான்கு பேரோடு.

வாயிலில் இருந்த காவலர்கள் இருவரும் இறந்தனர். ஒருவருடைய கை மணிக்கட்டோடு தெறித்து, கேமராவுக்கு நேரே விழுந்தது. எஃகுத் திரைக்கதவை இறக்கும் பொத்தானை அழுத்தினேன். அதன் அடியில் ஓர் உடல் கிடந்தது. உடல் கிடந்தால் இறங்காதபடி அமைத்திருக்கிறார்கள். மனிதாபிமானம்.

உட்கதவை லாரி ஜாக்கியால் பிளந்தார்கள். அந்தக் கதவின் கண்ணாடி கிழித்து எல்லோருக்கும் இரத்தம். முதலில் கொம்பையாவின் சுவாசக் குழாயைப் பிடுங்கினார்கள். பிறகு அரிவாள். முதல் வெட்டிலேயே அவன் போய்விட்டான். மற்றவை அவர்களுடைய சொந்தத் திருப்திக்கு. என் கண்ணாடிச் சுவரின் பாதி இப்போது சிவப்பு.

பிறகு மாசானம் தம்பியின் தொடைக் கட்டைப் பிரித்தான். திறந்து கிடந்த புண்ணைக் கண்டான். பேச்சி குறுக்கே விழுந்தாள். முடியைப் பிடித்துச் சுவரில் அடித்தான். கிருமிநாசினிப் புட்டியை எடுத்து, புண்ணுக்குள் முழுவதையும் ஊற்றினான்.

மாசானம்: "இனி எவனும் ஒன்னத் தொட மாட்டாம்ல. அண்ணன் வந்துட்டேன்."

அழுதுகொண்டே ஊற்றினான். புண்ணின் மேலிருந்த வைரஸ் அத்தனையும் செத்தது. ஆழத்தில் இருக்கும் கிருமி சாகாது.

காவலரின் உடலை அவர்கள் உள்ளே இழுத்துப் போட்டதும் பொத்தானை மறுபடி அழுத்தினேன்; திரைக்கதவு இறங்கியது. ஐவருடைய வெட்டுக்காயங்களிலும் இப்போது கிருமி இருக்கிறது. அதை ஊருக்குள் விட முடியாது. அக்கதவை உள்ளிருந்து மூடலாம். திறப்பது வெளியிலிருந்துதான்.

பதிவு 36
11 ஆகஸ்ட், பிற்பகல் 3.15

இசக்கிராஜ் 105. பேச்சி 103, நிற்கும்போதே ஆடுகிறாள்.

இசக்கிராஜிடம் வைரஸ் புண்ணில் மட்டுமே இருந்தது. அது மிஞ்சியிருக்கும் இடம் ஒன்றே: கொம்பையாவின் இரத்தம். மாசானத்திடம் சொன்னேன்.

மாசானம்: "அவன் ரத்தத்தயா எந் தம்பிக்கு ஏத்தச் சொல்லுதிய?"

நான்: "ஆம். உறைவதற்குள் அள்ளு."

அவனுடைய ஆட்கள் காறித் துப்பினார்கள். அவன் அரிவாளைக் கீழே வைத்து முழங்காலிட்டு, இரும்புத் தட்டில் வழித்து வழித்து அள்ளினான். வயிற்றுக்குள் கைவிட்டும் அள்ளினான். சாமி சன்னிதியிலும் அவன் அவ்வளவு பணிந்திருக்க மாட்டான்.

வடிகட்டினேன். ஒருவருக்கான அளவு. பகிர்ந்தால் இருவருக்கும் உதவாது.

இரண்டு ஊசிகள் நிரப்பி இழுப்பறையில் வைத்தேன். "பேச்சி" என்று எழுதியதில் மருந்து முழுவதும். "இசக்கிராஜ்" என்று எழுதியதில் உப்புநீர். பாதிப்பாதி என்று அறிவித்தேன். பேச்சியும் நம்பி இரண்டையும் போட்டாள். ஐயம் எனக்கு ஒரு கணமும் இல்லை; இதைக் கண்டெடுப்பவருக்கு இருந்தால், தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும்.

பதிவு 37
12 ஆகஸ்ட், காலை 8.50

பேச்சி 100. எழுந்து உட்கார்ந்தாள்.

பேச்சி: "பசிக்கும்மா. இந்தக் காட்டுப்பயலுவ பிரெட்டக்கூட மிச்சம் வைக்கல."

இசக்கிராஜ் உணர்விழந்து கிடக்கிறான். மாசானம் இரண்டு வெப்பமானிகளையும் மாறி மாறிப் பார்க்கிறான். முட்டாள் அல்லன்.

பதிவு 38
அதே நாள், 9.20

மாசானம்: "ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. இவளுக்கு எறங்குது, எந் தம்பிக்கு ஏறுது. என்ன வேல பாத்திய, டாக்டரம்மா?"

அரிவாளோடு பேச்சியிடம் போனான். அவளைக் காக்க ஒரு வழிதான் இருந்தது, அது உண்மையும்கூட. மருந்து இப்போது அவள் இரத்தத்தில் விளைகிறது, அவள் இருந்தால்தான் உன் தம்பி இருப்பான் என்றேன்.

நின்றான்.

மாசானம்: "எவ்வளவு ரத்தம் வேணும்?"

நான்: "ஒரு கரண்டி. அவளே ஊசியில் எடுத்துத் தருவாள்."

மாசானம்: "நேத்து ஒரு ஆளயே வழிச்சுக் குடுத்தேன். அதுவே பத்தல. ஒரு கரண்டி எங்க காணும்?"

நேற்று கொடுத்தது உப்புநீர், ஏமாற்றினேன், ஒரு கரண்டி போதும் என்று கத்தினேன்.

மாசானம்: "இவளக் காப்பாத்த இப்ப பொய் சொல்லுதிய."

பதிவு
9.26

பேச்சி கண்ணாடியில் இரு கைகளையும் வைத்திருக்கிறாள். இழுப்பறை சிறியது. தோள் நுழையாது. பார்த்துவிட்டோம்.

காவல் நிலையம் பதிலில்லை. திரைக்கதவு. வெளியிலிருந்துதான்.

பேச்சி: "அம்மா, அவன்ட்ட சொல்லுங்கம்மா. அம்மா."

சொல்கிறேன். சொல்லிக்கொண்டே

நால்வர் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாளியைக் கழுவுகிறான். கிருமிநாசினி போட்டு, இரண்டு முறை. சுத்தமாக இருக்க வேண்டுமாம்