முகத்தைத் தேடாத முள்

போன வாரம் செவ்வாப்பேட்டையில் உன்னை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். உன் மகள் டிஜிட்டல் கேமராவை நீட்டியதும் அதன் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் தோன்றி, உன் முகத்தைச் சுற்றி நின்றது. கேமரா முகத்தைத்தான் தேடும். உயிர் இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. கட்டம் நின்றதும் திரை சற்று வெளுத்தது. துணியின் மடிப்புகள் மறைந்தன. உன் முகம் தெளிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒளியை அது எவ்வளவு கூட்டியிருக்கும் என்று மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை என்பது உனக்கே தெரியும். எதிரே உள்ள வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கேமரா சராசரி பார்க்கும். உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் நம்பிக்கை. வெள்ளை நிறைய இருந்தால் வெயில் அதிகம் என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். முகத்துக்குத் தனி மரியாதை கொடு என்று பின்னாளில் யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் நம்மிடம் இருந்த, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு நீ சொன்னாய்.

திருவள்ளூரில் நாம் ஸ்டுடியோ வைத்திருந்தபோது மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய மீட்டர் அது. வெளிச்சம் பட்டால் முள் நகரும். முள் காட்டிய எண்ணை அப்படியே கேமராவில் வைப்பேன், படித்தவன் அல்லவா. நீ வானத்தைப் பார்ப்பாய், ஆளைப் பார்ப்பாய், ஏதோ ஒன்றை வைப்பாய். உன் படங்கள் நன்றாக வந்தன. அதை அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் மில் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று கேமராவைக் கண்டாலே ஒளிந்தவர். அப்படியும் நாற்பதைத் தாண்டவில்லை. அவர் முகம் இனி ஒரு படத்திலாவது இருக்க வேண்டும் என்று மனைவி ஆளனுப்பினார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோரம், வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். சாவு வீட்டில் கிட்டே போவது மரியாதையில்லை என்று நான் தள்ளி நின்று மீட்டரை நீட்டினேன்.

"மூஞ்சாண்ட வெச்சிப் பாருடா. செவுரு இன்னா உனுக்கு மாமனா மச்சானா?" என்றாய்.

"முள் பொய் சொல்லாது" என்றேன்.

"செத்தது யாருன்னு முள்ளுக்கு இன்னாடா தெரியும்?"

இரண்டு படம் எடுத்தேன், இரண்டும் முள் சொன்னபடியே. பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இருட்டறையில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தோம். முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. ஒளி போதாத இடம் அப்படித்தான் இருக்கும். நீ விதவிதமாக அச்சிட்டுப் பார்த்தாய். சுவரில் சுண்ணாம்பு மட்டை இழுத்த கோடுகள்கூட விழுந்திருந்தன. சுண்ணாம்பு அடித்தவருக்கு அருமையான படம்.

கணவரின் படத்தை வாங்க அந்த அம்மா பஸ் ஏறி வந்தார். படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அவுரு மூஞ்சி எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "என் கை தப்பும்மா. நான்தான் எடுத்தேன்."

சாவன்று அந்த அம்மா இருந்த நிலையில் யார் எடுத்தது என்று கவனித்திருக்கவில்லை. "உன் கை வெளங்காமப் பூடும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தையே முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஸ்டுடியோ பலகைல உன் பேருதான கீது" என்றாய்.

அந்த ஆடித் திருவிழாவில் பெரியபாளையம் கோயிலருகே படமெடுக்கக் கொட்டகை போட்டோம். கூட்டத்தில் அந்த அம்மா வந்தார். நீ பத்தடி தள்ளி, ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாய்.

"நீ நல்ல புள்ள. இந்த ஆளோட சேராத நைனா" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் நீ வந்து, "இன்னாடா சொல்லிச்சு?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் நீ கேட்டாய் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் பழகினோம். அந்தப் பதிலை ஒரு நாளும் நான் திருத்தவில்லை.